வில்லி நெல்சன் 50 டாலருக்குப் பாட்டை விற்றது ஏமாளித்தனம்தானே?

கேள்வி இதுதான்: "அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் வில்லி நெல்சன், பின்னால் பெரிய ஹிட்டான பாடல்களை 50 டாலருக்கும் 150 டாலருக்கும் விற்றாராமே? அப்படிப்பட்ட ஏமாளி எப்படி இவ்வளவு பெரிய ஆளானார்?"

ஏமாளி என்று கேள்வியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். இப்படிக் கேட்பவர்களில் பாதிப்பேர் தாங்களும் பாட்டு எழுதுகிறவர்கள். எதிரில் ஒருவர் மொத்தத் தொகை பேசிக்கொண்டு நிற்கிறார், கொடுப்பதா வேண்டாமா என்று குழப்பம். நீங்களும் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

முதலில் எதை விற்றார் என்று பார்ப்போம். 1950களின் கடைசி, டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன். பகலில் கிடார் சொல்லிக்கொடுப்பது, ரேடியோவில் அறிவிப்பாளர் வேலை, இரவில் கிளப்பில் பாட்டு. அந்தக் காலத்தில் 'ஃபேமிலி பைபிள்' 50 டாலருக்கும் 'நைட் லைஃப்' 150 டாலருக்கும் போயின. வாங்கியவர் பால் பஸ்கர்க் என்ற கிடார் கலைஞரும் அவர் கூட்டாளிகளும். முதல் பாட்டை க்ளாட் கிரே பாடி, 1960இல் கன்ட்ரி பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. இசைத்தட்டில் ஆசிரியர் என்று போட்ட பெயர்களில் நெல்சன் இல்லை. ஆகவே அங்கே போனது வருமானம் மட்டுமில்லை, பெயரும்தான். 'நைட் லைஃப்' வேறு மாதிரி. அவர் ஒப்பந்தத்தில் இருந்த கம்பெனி, இது கன்ட்ரியே இல்லை, ப்ளூஸ் என்ற வேறு இசைவகை என்று கழித்துக்கட்டியது. அதனால் ஹியூ நெல்சன் என்ற பெயரில் பஸ்கர்க் குழுவோடு பதிவு செய்தார். ஆசிரியர் பட்டியலில் இன்றைக்கும் அவர் பெயர் கூட்டாக நிற்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து 'விற்றுத் தொலைத்தார்' என்று எழுதுபவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதே இல்லை.

இனி கணக்கு. ஒரு பாட்டில் இரண்டு சொத்து உண்டு. வரியும் மெட்டும் சேர்ந்தது ஒன்று, அதைப் பாடிப் பதிந்த ஒலி இன்னொன்று. எழுதியவர் வாழ்வது முதல் சொத்தில். விற்கும் ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் கம்பெனி கொடுக்க வேண்டிய மெக்கானிக்கல் ராயல்டி, 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி பாட்டுக்கு 2 சென்ட். 1977 முடியும்வரை அந்த 2 சென்ட் நகரவே இல்லை. அதிலும் பாதி பதிப்பாளருக்கு. ஒரு லட்சம் தட்டு விற்றால் 2,000 டாலர், எழுதியவர் கைக்கு வருவது 1,000. அந்த 1,000க்கு எதிரே 50 டாலர் கேவலமான விலைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு லட்சம் விற்றால்தான் இந்தக் கணக்கு. கன்ட்ரி தொழிலின் தலைநகரான நாஷ்வில் நகரத்தில் பாட்டைத் தூக்கிக்கொண்டு பாடகர் பாடகராகப் போய்க் கேட்கவைக்கும் பதிப்பாளர் இல்லாதவனுக்கு, சட்டைப்பையில் இருக்கும் பாட்டின் வருமானம் சுழியம். ஒரு பாட்டுக்கு 10 டாலர் என்று எஸ்கொயர் பால்ரூம் இசைக்குழுத் தலைவர் லாரி பட்லரிடமும் நெல்சன் கேட்டிருக்கிறார். அவர் வாங்க மறுத்து 50 டாலர் கடனும் குழுவில் வேலையும் கொடுத்தார். விவரம் தெரிந்தவர் செய்கிற காரியம் அது.

1960இல் நாஷ்வில் போனதும் பாதை மாறியதற்குக் காரணம் பாடலாசிரியர் ஹாங்க் காக்ரன். நெல்சன் பாட்டைக் கேட்டுவிட்டு, தான் வேலை பார்த்த பாம்பர் மியூசிக் பதிப்பகத்தில் சேர்த்துவிட்டார். தனக்கு வரவேண்டிய 50 டாலர் ஊதிய உயர்வை நெல்சனுக்கு வாரச் சம்பளமாகத் திருப்பிவிட்டார். ஹூஸ்டனில் ஒரு முழுப் பாட்டின் விலை, இங்கே ஒரு வாரக் கூலி. இதைச் சம்பளம் என்று சொன்னாலும் தொழிலில் இதன் பெயர் டிரா, அதாவது வரப்போகும் ராயல்டியில் கழித்துக்கொள்ளும் முன்பணம். எழுதினால்தான் கழியும், எழுதாவிட்டால் கடன் ஏறும். ஆனால் ரேடியோ ஒலிபரப்புப் பணத்தில் எழுதியவரின் பாதியை, அந்தப் பணத்தை வசூலிக்கும் பிஎம்ஐ போன்ற சங்கங்கள் பதிப்பாளர் கையில் கொடுக்காமல் நேரே எழுதியவருக்கே அனுப்பும். டிராவில் சிக்கியிருப்பவனுக்கு மூச்சுவிட இடம் அதுதான்.

1961இல் ஃபாரன் யங் பாடிய 'ஹலோ வால்ஸ்' ஒன்பது வாரம் கன்ட்ரி முதலிடத்தில் நின்றது. அதையும் 500 டாலருக்கு விற்கப் பார்த்தார் நெல்சன். யங் வாங்காமல் 500 டாலரைக் கடனாகக் கொடுத்தார். அதோடு, அந்தத் தட்டின் மறுபக்கத்தில் இருந்த 'கங்கிராஜுலேஷன்ஸ்' பாட்டும் நெல்சனுடையதே. மறுபக்கப் பாட்டை யாரும் கேட்காவிட்டாலும் அதற்கும் அதே 2 சென்ட். பதிப்பாளர்கள் இந்த மறுபக்கத்துக்கு அவ்வளவு சண்டை போட்டது இதற்காகத்தான்.

அதே ஆண்டு பாட்சி க்லைன் பாடிய 'க்ரேஸி' வந்தது. நெல்சன் தாளத்துக்குப் பின்னால் இழுத்துப் பாடிய டெமோவை, அதாவது மாதிரிப் பதிவைக் கேட்டு க்லைன் திணறினார். கார் விபத்தில் அடிபட்ட விலா எலும்பு வேறு, மேல்சுரத்துக்கு மூச்சு எட்டவில்லை. மூன்று மணி நேரத்தில் மூன்று நான்கு பாட்டு முடிக்கும் ஊரில், தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி அன்றைக்கு இந்த ஒரு பாட்டின் வாத்தியங்களை மட்டும் பதிந்து வைத்தார். க்லைன் பிறகு வந்து குரலைச் சேர்த்தார்.

காசு போட்டால் பாடும் பெட்டியான ஜூக்பாக்ஸில் மிக அதிகம் ஒலித்த பாட்டு என்று 'க்ரேஸி'க்குப் பேர். ஆனால் 1978 வரை அமெரிக்காவில் ஜூக்பாக்ஸில் காசு போட்டு ஒலிக்கவைத்தால் எழுதியவருக்கு ஒலிபரப்பு ராயல்டி கிடையாது, சட்டமே விலக்கு அளித்திருந்தது. பெட்டிக்குள் வைக்க வாங்கிய தட்டுக்குரிய 2 சென்ட்டோடு சரி. ரேடியோவிலோ நேர்மாறு. எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் உண்டு, பாடியவருக்கு இன்றுவரை இல்லை. இணையவழி, செயற்கைக்கோள் ரேடியோ விதி வேறு. படத்திலும் விளம்பரத்திலும் வரும் பணம் அதற்கும் வேறு. அதை விட்டுவிட்டேன் என்று கருத்துப் பெட்டியில் வாள் சுழற்ற வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். தமிழில் கன்ட்ரி மியூசிக் என்றால் உடனே 'நாட்டுப்புற இசை' என்று பெயர்த்துவிடுகிறார்கள். நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் யாரென்று தெரியாது, ஊரே சொந்தக்காரர். கன்ட்ரியோ வாரச் சம்பளத்துக்கு ஆள் வைத்து, அறையில் உட்காரவைத்து எழுதவைத்து, பதிவெண் வாங்கி, சென்ட் கணக்கில் வசூலிக்கும் தொழில். 'கன்ட்ரி' என்றே எழுதிவிட்டுப் போங்களேன், தமிழ் ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, எப்படிப் பெரிய ஆளானார் என்ற பாதிக்கு வருகிறேன். எழுதுவதும் பாடுவதும் இரண்டு தொழில், இரண்டும் ஒன்றாக ஏறுவதில்லை. 1961லேயே எழுத்தாளராக உச்சத்தைத் தொட்டவர், பாடகராக முதலிடம் பிடித்தது 1975இல். நடுவில் ஆர்சிஏ கம்பெனியில் இருந்த ஏழெட்டு ஆண்டில் ஒரு பாட்டும் முதல் பத்துக்குள் போகவில்லை. குரலில் குறை இல்லை, பதிவு செய்த முறையில்தான் கோளாறு. கம்பெனியின் நிரந்தர வாத்தியக்காரர்கள், மேலே வயலின் கூட்டம், பின்னால் கோரஸ். வயலினுக்கு எழுதிய சுரம் தாளத்தின் தட்டில் சரியாக விழும். நெல்சன் வரியைத் தாமதமாக எடுத்து, ஓடிப்போய் அடுத்த தட்டில் பிடிப்பவர். இரண்டும் மோதும்போது, நேராகப் பாடு என்பார்கள். நேராகப் பாடினால் அவர் அவராக இருப்பதில்லை.

1970 கடைசியில் நாஷ்வில் பக்கத்து வீடு எரிந்துபோக டெக்சாஸ் திரும்பி, 1972இல் ஆஸ்டினில் தங்கினார். பிறகு கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் அவர் வாங்கிக்கொண்டது, எதை எப்படிப் பதிவது என்ற முடிவுரிமை. அதை வைத்து 1975இல் கார்லண்ட் ஊரின் சிறிய ஸ்டுடியோ ஒன்றில் சொந்தக் குழுவோடு 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பத்தைப் பதிந்தார். கிடார், அக்கா பாபியின் பியானோ, ஹார்மோனிகா, பேஸ், டிரம்ஸ், பெரும்பாலும் அவ்வளவுதான். கேட்ட அதிகாரிகள் இது டெமோதானே, முடித்த பதிவு எங்கே என்றார்கள். ஒப்பந்தத்தில் அந்த ஒரு ஷரத்து இல்லாவிட்டால் மேலே வயலின் பூசியிருப்பார்கள்.

உங்களுக்கு வேண்டியது: மொத்தத் தொகை கேட்பவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பதிப்பாளர் பங்கை மட்டும் பேசுங்கள். ஆசிரியர் பெயரையும் எழுதியவர் பாதியையும் தொடவிடாதீர்கள். கூட்டாக எழுதினால் அறையைவிட்டு வெளியே வருமுன் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாட்டு ஓடிய பிறகு எல்லோருக்கும் தாங்கள் எழுதிய வரிதான் ஞாபகம் இருக்கும். டெமோவில் தேதி இருக்கட்டும். அமெரிக்காவில் 1978க்கு முன் காப்புரிமை பதிவான பாட்டுக்கு, 56 ஆண்டு கழித்து எழுதியவரே உரிமையைத் திரும்பக் கேட்கலாம். ஐந்தாண்டு ஜன்னல் அது, நோட்டீஸ் குறைந்தது 2 ஆண்டு முன்னால் போக வேண்டும். பெயரையே விற்றவருக்கு அந்தக் கதவைத் திறப்பதும் கடினம். நம் நாட்டிலும் காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, படப்பாட்டு தியேட்டருக்கு வெளியே பயன்படும்போது வரும் ராயல்டியில் சமபங்கை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. உங்கள் ஒப்பந்தத்தில் அதற்கு மாறாக ஒரு வரி இருந்தால் கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் காட்டுங்கள்.

பாடகராக அவருக்கு முதன்முதலில் முதலிடம் வாங்கிக் கொடுத்த 'ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெயின்' எழுதியவர் ஃப்ரெட் ரோஸ். 1978இல் வந்து, பத்தாண்டு கன்ட்ரி பட்டியலிலேயே கிடந்த 'ஸ்டார்டஸ்ட்' ஆல்பத்தில் நெல்சன் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. அமெரிக்க எஃப்எம்மில் அந்த ஆல்பம் ஒலித்தால் அவருக்கு ஒரு சென்ட்டும் வராது, 'க்ரேஸி' ஒலித்தால் வரும்.