பையனுக்கு சாக்ஸபோன் வாங்கிக் கொடுங்கள்

கேள்வி: என் பன்னிரண்டு வயது மகன் சாக்ஸபோன் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். வீட்டில் கீபோர்டு இருக்கிறது. ஒரு பட்டனைத் தட்டினால் அதே சத்தம் வருகிறது. சினிமாவில் காதல் காட்சிக்கும் கிளப் காட்சிக்கும் ஊதுவதைத் தவிர அந்த வாத்தியத்துக்கு வேறு வேலை இருப்பதாகத் தெரியவில்லை. ஜாஸ் என்று அவன் போட்டுக் கேட்பதோ தலைகால் புரியாத இரைச்சல். அடுக்குமாடிக் குடியிருப்பில் இதை யார் பொறுத்துக்கொள்வார்கள்? வேண்டாம் என்று நான் சொல்வது சரிதானே?
(வாசகர், திருச்சி)

பதில்: சரியில்லை. நீங்கள் சொன்ன காரணங்களில் கடைசி ஒன்றைத் தவிர மற்ற எதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் கீபோர்டு. அதற்குள் இருப்பது பெரும்பாலும் யாரோ ஒருவர் என்றோ ஸ்டூடியோவில் ஊதி வைத்த ஒற்றைச் சுரங்கள். ஸ தனியாக இருக்கிறது, ரி தனியாக இருக்கிறது. ஸ-விலிருந்து ரி-க்குப் போன வழி அதில் இல்லை. சாக்ஸபோனின் உயிர் அந்த வழியில்தான் இருக்கிறது. உடம்பு பித்தளை என்றாலும் அதை மரக்குழல் வாத்தியங்களோடுதான் சேர்ப்பார்கள். ஏனென்றால் ஒலி பிறப்பது பித்தளையில் அல்ல, வாயில் வைக்கும் முனையில் கட்டிய நாணல் பட்டையில் (ரீட்). நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படி. சீவாளி இரட்டைப் பட்டை, இது ஒற்றை. கீழுதட்டை ஓர் இழை தளர்த்தினால் சுரம் இறங்கும். ஊதிக்கொண்டே தொண்டைக்குள் முனகினால் வாத்தியம் உறுமும். மெல்ல ஊதினால் மூச்சுக்காற்றே ஒலியோடு கலந்து காதருகில் வந்து பேசும். இவற்றில் எந்தப் பட்டனை உங்கள் கீபோர்டில் தட்டப்போகிறீர்கள்?

ஜாஸ் என்றாலே சாக்ஸபோன் என்று நினைக்கிறோம். தொடக்கத்தில் அப்படி இல்லை. 1917-ல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டில் கார்னெட், கிளாரினெட், டிராம்போன், பியானோ, டிரம்ஸ் உண்டு, சாக்ஸபோன் கிடையாது. பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கியபோது, அது பிரெஞ்சு ராணுவ பேண்டுகளை மனத்தில் வைத்துச் செய்த வாத்தியம். சிம்பொனி வாத்தியக் குழுவில் அதற்கு நிலையான நாற்காலி கடைசிவரை கிடைக்கவில்லை. அந்தப் புறக்கணிப்பே பின்னால் நல்லதாயிற்று என்பது என் எண்ணம். வயலினுக்கு, இப்படித்தான் நாதம் இருக்க வேண்டும் என்று சொல்ல நூற்றாண்டுகளின் பெரியவர்கள் இருந்தார்கள். சாக்ஸபோனுக்கு யாரும் இல்லை. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் அதைக் கையில் எடுத்தபோது, அவரவர் குரலை அதில் ஊதிக்கொள்ள இடம் இருந்தது.

அந்த இடமும் சும்மா கிடைத்துவிடவில்லை. கோல்மன் ஹாக்கின்ஸ் டெனர் என்ற பெரிய வகை சாக்ஸபோனில் கனத்த, விரிந்த நாதம் கொண்டவர். 1934-ல் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் குழுவிலிருந்து அவர் விலகியதும் அந்த இடத்துக்கு லெஸ்டர் யங் வந்தார். இவருடைய நாதம் மெலிந்தது, இலேசானது. ஹாக்கின்ஸ் மாதிரி ஊது என்று கூட இருந்தவர்கள் நச்சரித்தார்கள். ஹெண்டர்சனின் மனைவி ஹாக்கின்ஸின் இசைத்தட்டுகளைப் போட்டுப் போட்டுக் காட்டினார். யங் மாற்றிக்கொள்ளவில்லை. சில மாதங்களில் விலகிப் போய், கவுண்ட் பேஸி குழுவில் தன் மெல்லிய நாதத்தாலேயே பேர் வாங்கினார். ஒரு பாட்டை வாசிப்பதற்கு முன் அதன் வரிகள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் நாகஸ்வரக்காரர்கள் சாகித்யத்தை மனத்துக்குள் பாடிக்கொண்டே வாசிப்பார்களே, அதேதான்.

இனி ‘இரைச்சல்’. 1939 அக்டோபரில் அதே ஹாக்கின்ஸ், எல்லோருக்கும் தெரிந்த ஒரு காதல் பாட்டைப் பதிவு செய்தார். முதல் சில வரிகளில் மெட்டைத் தொட்டுக் காட்டுகிறார். அதன்பின் மெட்டு போய்விடுகிறது. அடியில் பியானோவும், கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியமான பாஸும் வாசிக்கும் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டம்) வரிசை மட்டும் அப்படியே சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த வரிசையின்மேல் அவர் அந்த நிமிடத்தில் புதிதாக ஒரு பாட்டையே கட்டுகிறார். மூன்று நிமிடப் பதிவு. மக்கள் தேடித் தேடி வாங்கினார்கள். நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமில்லை. அங்கே எடுத்துக்கொண்ட பாட்டு வரியும் தாளமும் கட்டு. இங்கே கார்டு வரிசையும் முப்பத்திரண்டு பாரும் (தாளக் கட்டங்கள்) கட்டு. கட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாதவரைக்கும் மனோதர்மம் இரைச்சலாகத்தான் கேட்கும். உங்கள் பையன் பாட்டு போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, சாக்ஸபோனை விட்டுவிட்டு பாஸை மட்டும் நாலு தடவை கேளுங்கள். சுற்று பிடிபடும்.

மற்ற வாத்தியங்களும் இந்தக் குழலிடம் பாடம் கேட்டன. அதுவரை குழுவின் பின்வரிசையில் தாளத்துக்குக் கார்டு தட்டிக்கொண்டிருந்த கிடாரை, 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் மின்பெருக்கியில் இணைத்து, சாக்ஸபோனைப் போல ஒற்றைச் சுர வரிசைகளாக வாசித்து முன்னுக்குக் கொண்டுவந்தார். இருபத்தைந்து வயதில் காசநோயில் இறந்துபோனார். இன்று உலகம் முழுக்க மேடையின் நடுவில் நின்று சோலோ வாசிக்கும் கிடார்காரர்கள் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

வெகுஜன இசையிலும் இதே கதை. 1950-களின் ராக் அண்ட் ரோலில் நடுவில் வரும் சோலோ பல பாட்டுகளில் கிங் கர்ட்டிஸ் போன்ற சாக்ஸபோன்காரர்களுடையதுதான். கிடார் அந்த இடத்தைப் பிறகுதான் பிடித்தது. 1980-களில் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியம் வந்து பலருடைய வேலையைப் பறித்தது. சினிமா சாக்ஸபோனைக் கிளப் காட்சிக்குள் அடைத்தது இயக்குநர்களின் சோம்பல். வாத்தியத்தின்மேல் அந்தப் பழியைப் போடாதீர்கள்.

வேறு வேலை என்ன என்று கேட்டீர்கள். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலம் பர்மிங்ஹாம் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் வெள்ளை வெறியர்கள் குண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்குப் பதினான்கு வயது, ஒருத்திக்குப் பதினொன்று. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 18 அன்று, ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் தன் குழுவோடு ஸ்டூடியோவுக்குப் போய் ஒன்றைப் பதிவு செய்தார். பெயர் ‘அலபாமா’. ஒரு சொல் கிடையாது. பியானோ அடியில் உருண்டுகொண்டிருக்க, டெனர் சாக்ஸபோன் தாளம் இல்லாமல், ஆலாபனைபோல, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறது. என் இருபதுகளில் ஒரு நண்பரின் அறையில் கேசட்டில் இதைக் கேட்டேன். பின்னணி எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. பாட்டு முடிந்ததும் நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசவில்லை. யாரோ செத்துப்போயிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. இந்த வாத்தியம் காதல் காட்சிக்கு மட்டும்தான் என்று உங்கள் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்.

நம் பக்கத்திலும் ஆள் இருந்தார். மங்களூர்ப் பக்கத்துக் கத்ரி கோபால்நாத், நாகஸ்வரக்காரரின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்தவர். சாவிகளை அழுத்தி வாசிக்கும் வாத்தியத்தில் கமகம் வராது என்றவர்கள் உண்டு. உதட்டாலும் மூச்சாலும் வளைத்து வளைத்து வரவழைத்தார். பல வருட உழைப்பு. 1994-ல் லண்டனில் பிபிசி பிராம்ஸ் இசை விழா மேடையில் கர்நாடக இசை வாசித்தார். அதே வருடம் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் ‘டூயட்’ படத்தின் வழியாக வந்ததும் அவர் மூச்சுதான்.

பன்னிரண்டு வயதுக்கு டெனரைவிடச் சிறிய ஆல்டோ சாக்ஸபோன் போதும். டெனர் கனம், கழுத்தை இழுக்கும். புதிதாக வாங்குவதற்கு முன் நல்ல ஆசிரியரைப் பிடித்து, அவர் கையால் சோதித்த பழைய வாத்தியம் ஒன்றை வாங்குங்கள். ரீட் மெல்லியதாகத் தொடங்கட்டும். வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டு ஈரத்தைத் துடைக்கப் பழக்குங்கள். முதல் சில மாதங்கள் வரும் சத்தம் காதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், அதை மறைக்கமாட்டேன்.

அக்கம்பக்கம் பற்றிய கவலை மட்டும் நியாயமானது. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சன்னி ராலின்ஸுக்கும் அது இருந்தது. 1959-ல், நல்ல பேரோடு இருந்தபோதே, தன் வாசிப்பு போதவில்லை என்று கச்சேரிகளை நிறுத்திவிட்டார். நியூயார்க்கில் அவர் இருந்த கட்டடத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தார். அவரைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போனார். ரயிலும் படகும் போகிற இரைச்சலுக்கு நடுவே, குளிரிலும், 1961 வரை அங்கேதான் சாதகம்.

உங்கள் குடியிருப்புக்கு மொட்டை மாடி இருக்கும். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை என்று மேல்வீட்டுக்காரர்களிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். முதல் மாதம் நீங்களும் கூடப் போய் உட்காருங்கள்.