தாத்தாவை யார் நினைவில் வைத்திருப்பது? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

என் அப்பா மறைந்து ஓராண்டு ஆகப்போகிறது. மூத்தவனுக்கு ஒன்பது வயது. தாத்தாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். இளையவளுக்கு மூன்று வயது. தாத்தா எப்போது வருவார் என்று இன்னமும் கேட்கிறாள். குழந்தைகள் முன்னால் அவரைப் பற்றிப் பேசாதே, மெல்ல மறக்கட்டும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். முதலாண்டு நினைவஞ்சலிக்காக எழுத உட்கார்ந்தால் நல்லவர், நேர்மையானவர் என்பதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. அவரை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

பெரியவர்கள் உங்கள் நலனை எண்ணித்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த அறிவுரையை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. இறந்தவரிடமிருந்து மனத்தைச் சிறிது சிறிதாக விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்று 1917-இல் எழுதியவர் உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃபிராய்ட். அவரே 1920-இல் மகள் சோஃபியையும், 1923-இல் அவளுடைய நான்கு வயது மகனையும் பறிகொடுத்தார். சோஃபி உயிரோடிருந்தால் முப்பத்தாறு வயது நிறைந்திருக்கும் நாளில், 1929-இல், மகனை இழந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எதனாலும் நிரப்ப முடியாது, அப்படியிருப்பதே சரி, கைவிட விரும்பாத அன்பைத் தொடர அது ஒன்றே வழி என்ற பொருள்பட எழுதினார். கோட்பாட்டை வகுத்தவரைவிட, பேரனைப் பறிகொடுத்த அந்தத் தாத்தாவையே நான் நம்புகிறேன். இறந்தவரோடு உறவைத் தொடர்வது நோயின் அறிகுறியல்ல என்ற கருத்தைத் துக்கத்தை ஆராய்ந்த டென்னிஸ் கிளாஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1996-இல் விரிவாக முன்வைத்தார்கள். இன்று துக்க ஆலோசகர்கள் பலரும் அதை ஏற்கிறார்கள்.

எழுத வராததற்குக் காரணம் உங்கள் அன்பின் குறைவு அல்ல. நல்லவர், நேர்மையானவர் என்ற சொற்கள் எவருடைய தந்தைக்கும் பொருந்துவதால், உங்கள் அப்பா அவற்றில் தென்படுவதில்லை. தந்தையை இழந்த பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள பாட்டை நினைத்துப் பாருங்கள். கொடைக்குப் பெயர்பெற்ற பாரியைப் பற்றி அதில் ஒரு புகழ்மொழிகூட இல்லை. அன்றைய நிலவில் தந்தை இருந்தார், குன்றும் எங்களுடையதாக இருந்தது. இன்றைய நிலவில் இரண்டும் இல்லை என்பதோடு பாட்டு முடிந்துவிடுகிறது. நீங்களும் புகழ்மொழிகளை ஒதுக்கிவிட்டு, தொலைபேசியை எடுத்ததும் அவர் முதலில் என்ன கேட்பார், கோபம் வந்தால் கத்துவாரா பேசாமலிருப்பாரா, எதைத் தொலைத்துவிட்டு வீடு முழுவதும் தேடுவார் என்பதிலிருந்து தொடங்குங்கள். அவருடைய பிடிவாதத்தையும், உங்களை வருத்திய சொல் ஏதேனும் இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். குறைகளை நீக்கி எழுதினால் நீங்கள் அறிந்த மனிதரில் பாதி காணாமல் போய்விடும்.

குழந்தைகளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். உங்களுக்கு அப்பாவாக இருந்தவரும் உங்கள் மகனுக்குத் தாத்தாவாக இருந்தவரும் ஏறக்குறைய இரண்டு மனிதர்கள். உங்களிடம் கண்டிப்பாக இருந்தவர் அவனிடம் வேண்டுமென்றே விளையாட்டில் தோற்றிருக்கலாம். உங்களுக்குச் சொல்லாத கதைகளை அவனுக்குச் சொல்லியிருக்கலாம். அவன் எழுந்து போவதை மறதி என்று கொள்ளாதீர்கள். குழந்தைகள் துக்கத்தை இடைவெளி விட்டுத்தான் தாங்குகிறார்கள். சற்று நேரம் அழுதுவிட்டு உடனே விளையாடப் போவதும் அதில் சேர்ந்ததே. உங்கள் அழுகையைக் காண அஞ்சிக்கூட அவன் விலகிப் போகலாம். அவனாகப் பேசும்போது கேளுங்கள். அவன் சொல்வது உங்கள் நினைவோடு பொருந்தாவிட்டாலும் இடைமறிக்காதீர்கள்.

இளையவளுக்கு இறப்பு மீளமுடியாதது என்பது விளங்கும் வயது இன்னும் வரவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் தெளிவாகிறது. தூங்குகிறார், வெளியூர் போயிருக்கிறார் என்று சொன்னால் அவள் காத்திருப்பாள், அல்லது தூங்கவே பயப்படுவாள். தாத்தா இறந்துவிட்டார், அவர் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வர முடியாது என்று எத்தனை முறை கேட்டாலும் அதே சொற்களில் சொல்லுங்கள். பெரியவர்களில் பலருக்கும் மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய நினைவுகள் எஞ்சுவதில்லை. ஆகவே அவளிடம் தங்கப்போகும் தாத்தா பெரும்பாலும் நீங்களும் அண்ணனும் சொல்லக் கேட்டவராகவே இருப்பார். நடந்தவற்றைப் பெற்றோர் விவரமாகவும் கேள்விகள் கேட்டும் பேசும் வீடுகளில் வளரும் குழந்தைகளின் நினைவுகள் செறிவாக இருக்கின்றன என்பது உளவியலாளர்கள் ராபின் ஃபிவுஷ், எலெய்ன் ரீஸ் ஆகியோரின் ஆய்வுகளில் தெரிந்த செய்தி. பேசாதே என்ற அறிவுரையால் அதிகம் இழக்கப்போகிறவள் அவள்தான்.

ஒரு வேலையை மட்டும் இன்றே செய்துவிடுங்கள். கைப்பேசியில் அவருடைய குரல் பதிவுகள் இருந்தால், கருவி பழுதாவதற்கு முன் வேறோர் இடத்திலும் சேமித்துவையுங்கள். நினைவஞ்சலிப் பக்கத்தைப் பிறகு எழுதலாம். அதை எழுதும்போது, மகன் விரும்பினால் அவனுக்கும் தனியாக ஒரு பக்கம் கொடுங்கள். இளையவள் வாசிக்கக் கற்றபின் இரண்டையும் அவளிடம் தாருங்கள். அவை ஒன்றோடொன்று முரண்படும் இடங்களைத் திருத்த வேண்டாம்.

அன்புடன்.