ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு நீரடைப்பு: டியூபை யார், எப்போது எடுப்பது?

கேள்வி: அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 67. முதுகில் ஊசி போட்டு ஹெர்னியா ஆபரேஷன் செய்தார்கள். அன்று இரவு எவ்வளவு முக்கியும் ஒன்னுக்கு வரவில்லை. டியூப் போட்டதும் 800 மில்லி வந்தது என்றார்கள். மூன்றாம் நாள் டியூபோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர், "புராஸ்டேட் வீங்கியிருக்கு, பிஎஸ்ஏ 11 இருக்கு, உடனே லேசர் பண்ணணும், நானே ஏற்பாடு பண்ணித் தாரேன்" என்கிறார். பக்கத்துத் தெரு கம்பவுண்டரோ, டியூபை வீட்டிலேயே உருவிவிடலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள்.

முதுகு ஊசி கால்களை மட்டும் மரக்கச் செய்வதில்லை. மூத்திரப்பை நரம்பையும் சில மணி நேரம் தூங்க வைத்துவிடும். அந்த நேரத்தில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டே இருக்கும். 400, 500 மில்லி பிடிக்கிற பை 800 வரை விரிந்தால் அதன் தசை துவண்டுபோகும். வலிக்குப் போடும் டிரமடாலும் அதைச் சோம்பலாக்கும். 67 வயதில் புராஸ்டேட் (மூத்திரப்பைக்கு அடியில் உள்ள சுரப்பி) கொஞ்சம் பெருத்திருப்பதும் சகஜம். எல்லாம் ஒரே இரவில் சேர்ந்துகொண்டது. பெரும்பாலோருக்குச் சில நாளில் சரியாகிவிடும்.

இப்போது அந்த 11. பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட்டிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு பொருளின் அளவு; ஏறினால் புற்றுநோயோ என்று சந்தேகிப்பார்கள். நீரடைப்பு வந்தாலும் டியூப் போட்டாலும் பிஎஸ்ஏ ஏறும். இந்த வாரம் எடுத்த அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. டியூப் எடுத்து ஆறு வாரம் கழித்து, மூத்திரத்தில் கிருமி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மறுபடி பாருங்கள். ஸ்கேனில் 'புராஸ்டேட் 45 கிராம்' என்று இருப்பதும் ஆபரேஷனுக்குக் காரணமாகாது. பயத்தில் இருக்கும் குடும்பத்துக்கு 'நானே ஏற்பாடு பண்ணுகிறேன்' என்று வருபவருக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்று யோசியுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டையை அவர் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். காப்பீட்டுக்கு மருத்துவமனையிலேயே தனி கவுண்டர் உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் யூராலஜி (மூத்திரப் பாதை நோய்களுக்கான) பிரிவு இருக்கிறது. அங்கே போக இடையில் ஆள் தேவையில்லை.

கம்பவுண்டர் விஷயம். டியூபின் நுனியில் உள்ளே ஒரு பலூன் இருக்கிறது, பெரும்பாலும் 10 மில்லி தண்ணீரோடு. பக்கக் கிளையில் சிரிஞ்சு வைத்து அதை முழுதும் இறக்கிய பிறகுதான் டியூப் வர வேண்டும். பாதி இறங்கியதும் இழுத்தால் குழாய்ப்பாதை கிழிந்து ரத்தம் வரும். பிற்பாடு அந்த இடம் தழும்பாகிச் சுருங்கிக்கொள்ளும். கத்திரியால் வெட்டினால் தண்ணீர் தானாக இறங்கிவிடும் என்று ஒரு கைவைத்தியம் உலவுகிறது. இறங்காவிட்டால், பலூனைச் சுருக்க வெளியே ஒரு வழியும் மிஞ்சாது.

புராஸ்டேட் தசையைத் தளர்த்தி மூத்திரப் பாதையைத் திறக்கும் மாத்திரையான டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் எழுதியிருக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிட்ட பிறகு டியூபை எடுத்தால், ஒன்னுக்கு வரும் வாய்ப்பு கூடும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றும், பிரஷர் மாத்திரையும் சாப்பிடுபவர் என்றால் இன்னும் கவனம். கண்புரை ஆபரேஷன் செய்யும்போது இந்த மாத்திரை சாப்பிட்டதைக் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

டியூப் எடுக்கக் காலை எட்டு மணிக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மதியம் இரண்டு மணிக்குள் தெரிந்துவிடும். ஒன்னுக்குப் போகாவிட்டால் டியூபைத் திரும்பப் போட ஆள் இருக்கும். சாயங்காலம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் நடு ராத்திரியில் அடைத்துக்கொண்டு தவிப்பீர்கள். எடுத்த பிறகு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். வாழைத்தண்டு சாறு, நெருஞ்சில் கஷாயம், பார்லி என்று ஊற்றாதீர்கள். மடை அடைத்திருக்கும் குளத்துக்கு மேலும் தண்ணீர் விட்டால் கரைக்குத்தான் ஆபத்து. ஒவ்வொரு முறையும் அளவுக் குவளையில் பிடித்து எழுதுங்கள். 150, 200 மில்லியாக இரண்டு மூன்று தடவை போய், பிறகு ஸ்கேனில் மூத்திரப்பையில் மீதி 150 மில்லிக்குக் கீழே நின்றால் வீட்டுக்கு வரலாம். சொட்டுச் சொட்டாக வருவது போனதாகக் கணக்கில்லை. நிரம்பிய பை வழிகிறது என்று அர்த்தம்.

டியூப் எடுக்கும்வரை, மூத்திரம் சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் இருக்கட்டும். டியூபைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு நிறுத்துங்கள். 'பழக்கப்படுத்த' கிளாம்ப் போட்டு மூடித் திறக்கச் சொல்வார்கள். நாலைந்து நாள் டியூபுக்கு அதனால் பயனில்லை, திறக்க மறந்தால்தான் வினை. மலச்சிக்கல் இருந்தால் லாக்டுலோஸ் சிரப் கேளுங்கள். முக்கினால் தையலுக்கும் கேடு. மெடிக்கலில் வாங்கும் சளி மாத்திரை வேண்டாம், அதுவே அடைக்கும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இதைப் பொறுமையாகப் படியுங்கள். முதல் தடவை ஒரு லிட்டருக்கு மேல் வந்திருந்தால், அதுவும் அடைத்தபோது பெரிய வலியே இல்லாமல் இருந்திருந்தால், இது பழைய அடைப்பாக இருக்கலாம். ஆபரேஷனுக்கு முன்பே தூக்கத்தில் நனைந்திருக்கிறாரா என்று கேளுங்கள். கிரியாட்டினின் (கிட்னி வேலை செய்வதைக் காட்டும் ரத்த அளவு) ஏறி, ஸ்கேனில் கிட்னி வீங்கியிருந்தால் டியூபை எடுத்துப் பார்க்கவே கூடாது. அவருக்குத்தான் புராஸ்டேட் ஆபரேஷன் தேவை. அதுவரை டியூப் இருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு 800 தான். ஆனாலும் கிரியாட்டினின் பார்க்காமல் விடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் டியூப் எடுக்கும் தேதியை எழுத ஒரு வரி போதும். அதைக்கூட எழுதாமல் 'தேவைப்பட்டால் வரவும்' என்று இங்கிலீஷில் கிறுக்கி அனுப்புவதால்தான் தரகர்கள் வாசலில் நிற்கிறார்கள். நாளைக்கே போய் அந்தத் தேதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். குளிர் ஜுரம், கட்டி ரத்தம், பையில் நாலு மணி நேரமாக ஒன்றும் இறங்காமல் அடிவயிறு வீங்குவது, உட்காரும் இடம் மரத்துப்போவது: இவற்றில் எது வந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.