வாசகர் கேள்வி – பதில்: பங்கிற்கு வரும் திருத்தொண்டர்

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்கிற்கு அடுத்த மாதம் திருத்தொண்டர் (டீக்கன்; குருவுக்கு அடுத்த படியில் திருப்பணிக்கென ஏற்படுத்தப்பட்டவர்) ஒருவர் வருவதாகப் பங்குத்தந்தை அறிவித்திருக்கிறார். புதிய பங்குத்தந்தைக்குச் செய்வதுபோல ஊர் எல்லையிலிருந்து மேளதாளத்தோடு அழைத்து வந்து பணியேற்பு விழா நடத்த வேண்டும் என்று பங்குப்பேரவையில் சிலரும், அவர் குருமாணவர்தானே, இவ்வளவு தேவையில்லை என்று சிலரும் சொல்கிறார்கள். எது முறை?
– பங்குப்பேரவைச் செயலர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: இரண்டு தரப்பும் பாதி சரி. பணியேற்புச் சடங்கு பங்குத்தந்தைக்கு உரியது; பங்கின் மேய்ப்புப் பொறுப்பு முழுவதும் அவர் கையில் ஒப்படைக்கப்படுவதால் திருச்சபைச் சட்டம் அதற்கென ஒரு முறையை வகுத்திருக்கிறது. திருத்தொண்டருக்கு அப்படி ஒரு சடங்கு கிடையாது. ஆயரின் நியமனக் கடிதமே போதும். அதற்காக அவரைக் குருமாணவர் என்று ஒதுக்குவதும் தவறு. அருட்பொழிவு (திருப்பணி நிலைக்கு உயர்த்தும் சடங்கு) பெற்ற நாளிலேயே அவர் திருநிலையினருள் (ஆயர், குரு, திருத்தொண்டர் ஆகியோருள்) ஒருவராகி, ஒரு மறைமாவட்டத்தோடோ துறவற சபையோடோ சட்டப்படி இணைக்கப்பட்டுவிட்டார். குருத்துவத்தை நோக்கிச் செல்பவராயின், மணத்துறவு வாக்குறுதியையும் அப்போதே கொடுத்துவிட்டார். விடுமுறைக்கு வந்து பாட்டுப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போகும் மாணவராக அவரை எண்ணுவது அந்த அருட்பொழிவைக் கணக்கில் எடுக்காததாகும்.

என் கருத்தில், அவருக்குத் தரக்கூடிய மிகச் சிறந்த வரவேற்பு, முதல் ஞாயிறு திருப்பலியில் அவருக்கு உரிய பணிகளை அவரையே செய்ய விடுவதுதான். வருகைப் பவனியில் நற்செய்தி நூலை ஏந்தி வருவதும், குருவிடம் ஆசி பெற்று நற்செய்தி வாசிப்பதும், விசுவாசிகள் மன்றாட்டின் கருத்துகளைச் சொல்வதும், சமாதானம் பகிர அழைப்பதும், இறுதியில் மக்களை அனுப்பி வைப்பதும் அவருடைய பணிகள். ஆயரே தலைமை தாங்கும் திருப்பலியிலும் நற்செய்தியைத் திருத்தொண்டரே வாசிக்கிறார். நம் பங்குகள் பலவற்றில் குருவே எல்லாவற்றையும் செய்து பழகிவிட்டதால், திருத்தொண்டர் திருவுடை அணிந்து பக்கத்தில் சும்மா நிற்பதைப் பார்க்க நேர்கிறது. அருட்பொழிவின்போது ஆயர் நற்செய்தி நூலை அவர் கைகளில் கொடுத்து, வாசிப்பதை நம்பவும், நம்புவதைக் கற்பிக்கவும், கற்பிப்பதை வாழ்ந்து காட்டவும் பணித்ததை நினைத்தால், அந்த நூலை மக்கள் முன் அவர் திறக்கும் முதல் நாளே அவருடைய அறிமுக நாள் என்பது விளங்கும். நன்றி மன்றாட்டுக்குப் பின் அறிவிப்புகளோடு பங்குத்தந்தை அவரை அறிமுகப்படுத்தலாம். ஒரு பொன்னாடை, அன்பியங்களின் (பங்கின் சிறு குழுக்களின்) சார்பில் ஒருவர் நான்கு வார்த்தை, அவருடைய மறுமொழி, இவை போதும். ஆளுயரப் பதாகை வேண்டாம் என்பேன். ஆனால் அது ரசனையைப் பொறுத்த விஷயம், சட்டத்தைப் பொறுத்ததன்று.

அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றித்தான் பேரவை அதிகம் யோசிக்க வேண்டும். திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தபோதுதான் ஸ்தேவான், பிலிப்பு முதலிய எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். திருத்தொண்டர் பணியின் தொடக்கமாகத் திருச்சபை மரபு இதைக் கருதுகிறது. கி.பி. 258இல் உரோமையில் மறைச்சாட்சியாக உயிர்நீத்த புனித லாரன்ஸ் என்ற திருத்தொண்டரும் ஏழைகளுக்குரிய பொருளைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பில் இருந்தவரே. நாமோ இளைஞர் இயக்கம், பாடகர் குழு, கிறிஸ்து பிறப்பு விழாக் கலைநிகழ்ச்சி ஆகியவற்றை அவர் தலையில் கட்டிவிட்டு, வின்சென்ட் தே பவுல் சபையார் உதவும் வீடுகள் எங்கே இருக்கின்றன என்பதைக் கூட அவருக்குக் காட்டுவதில்லை. வந்த முதல் வாரத்திலேயே வேதியரோ (உபதேசியார்) கோயில்பிள்ளையோ (கோயில் பணியாளர்) அவரை நோயாளிகள் வீட்டுக்கும், தனியாக வாழும் முதியோர் வீட்டுக்கும் அழைத்துச் செல்லட்டும்.

இன்னொன்று: திருத்தொண்டர் அருட்பொழிவுக்கும் குருத்துவ அருட்பொழிவுக்கும் இடையே குறைந்தது ஆறு மாதங்கள் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் (எண் 1031) கூறுகிறது. குருத்துவ அருட்பொழிவுத் திருச்சடங்கில், இவர் தகுதியானவர் என்று அறிவீரோ என ஆயர் கேட்க, கிறிஸ்தவ மக்களிடம் விசாரித்ததில் தகுதியுள்ளவராகக் காணப்பட்டார் என்று பொறுப்பாளர் சான்று பகர்கிறார். அந்த மக்களில் உங்கள் பங்கினரும் அடங்குவர். ஆகவே, அவருடைய மறையுரை நீளமாக இருந்தால் பணிவோடு அவரிடமே சொல்லுங்கள். புகழ்ச்சியை மட்டும் கேட்டுவிட்டுப் போகும் இளைஞர் பின்னாளில் பங்குத்தந்தையாக வரும்போது அதன் விளைவை வேறொரு பங்கு அனுபவிக்கும்.

கேள்வி: திருத்தொண்டரை ‘பிரதர்’ என்பதா, ‘ஃபாதர்’ என்பதா?
– வாசகர், வேளாங்கண்ணி

பதில்: ‘திருத்தொண்டர் அவர்களே’ என்பதே சரியான விளிப்பு. பெரியவர்கள் சிலர் ‘தியாக்கோன்’ என்பார்கள், அதுவும் சரிதான். ‘ஃபாதர்’ என்று மட்டும் அழைக்க வேண்டாம். அவருக்கே அது சங்கடமாக இருக்கும்.

கேள்வி: என் மாமியார் மிகவும் முடியாமல் இருந்தபோது பங்குத்தந்தை வெளியூரில் இருந்தார். திருத்தொண்டர் இரவிலேயே வந்து செபித்து, நற்கருணை கொடுத்தார்; ஆனால் அவஸ்தைப் பூசுதல் கொடுக்க மறுத்துவிட்டார். ஆபத்து வேளையிலும் மறுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவர் மறுக்கவில்லை, அம்மா, அவரால் இயலாது. நோயில் பூசுதலை (நீங்கள் சொல்லும் அவஸ்தைப் பூசுதலை) குருக்கள் மட்டுமே நிறைவேற்ற முடியும் (சட்ட எண் 1003). யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம் மூப்பர்களை, அதாவது குருக்களை, அழைக்கச் சொல்வதும், நோயாளியின் பாவங்கள் மன்னிக்கப்படும் என்று கூறுவதும் இதற்கு அடிப்படை. ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) கேட்கவும், திருப்பலி நிறைவேற்றவும் அவருக்கு அதிகாரம் இல்லாதது இதே போன்றதுதான். மற்றபடி அவர் திருமுழுக்குக் கொடுக்கலாம். ஆயரோ பங்குத்தந்தையோ அதிகாரம் அளித்தால் திருமண ஒப்புதலைத் திருச்சபையின் பெயரால் பெறலாம். திருப்பலி இல்லாத அடக்கச் சடங்கை நடத்தலாம்.

உங்கள் மாமியாருக்கு அன்று கிடைத்ததைக் குறைவாக எண்ண வேண்டாம். மரணத் தறுவாயில் இருப்போருக்குக் கொடுக்கப்படும் நற்கருணையைத் திருச்சபை ‘வழியுணவு’ என்று அழைத்து, இறப்போருக்கே உரிய அருட்சாதனமாகக் கருதுகிறது. இனி இப்படி நேர்ந்தால் திருத்தொண்டரை அழைக்கும்போதே பக்கத்துப் பங்கின் குருவுக்கும் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அவசர வேளையில் எந்தக் குருவும் வரலாம்.

கேள்வி: அமெரிக்காவில் என் மகன் வசிக்கும் பங்கில் நற்செய்தி வாசித்த திருத்தொண்டர், திருப்பலி முடிந்ததும் மனைவி, பேரப்பிள்ளைகளோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். அவர் கத்தோலிக்கர்தானா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: சந்தேகமே வேண்டாம். அவர் நிலையான திருத்தொண்டர். குருவாகப் போகிறவர் அல்லர். மேலைத் திருச்சபையில் பல நூற்றாண்டுகளாகத் திருத்தொண்டர் நிலை குருத்துவத்துக்கு முந்தைய படியாக மட்டுமே இருந்து வந்தது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தில் (எண் 29) அதை மீண்டும் தனி நிலையாக நிறுவ வழிவகுத்தது. 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதற்கான விதிகளை வெளியிட்டார். இந்தியாவில் மும்பை உயர்மறைமாவட்டத்தில் இத்தகையோர் பணியாற்றுகின்றனர். தமிழகத்தில் நாம் காண்பவர்கள் பெரும்பாலும் குருத்துவத்தை நோக்கிச் செல்பவர்களே என்பதால்தான் உங்களுக்கு அது புதுமையாகப் பட்டிருக்கிறது. மணமானவர் இந்நிலைக்கு வர 35 வயது நிறைந்திருக்க வேண்டும். மனைவியின் சம்மதமும் கட்டாயம் வேண்டும். மனைவி இறந்துவிட்டால் அவர் பொதுவாக மறுமணம் செய்ய இயலாது. வார நாள்களில் தம் வேலைக்குச் சென்று குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டே ஞாயிறன்று பீடத்தில் பணிபுரிவோரும் அவர்களில் பலர்.