பாதியில் நிற்கும் கீமோ: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 54 வயதான என் தாயாருக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறு முறை கொடுக்க வேண்டிய கீமோவில் நான்கு முடிந்தது. ஐந்தாவதற்கு வர மறுக்கிறார். கட்டியை எடுத்தாகிவிட்டது, இனி டுரியான் பிளாண்டா (முள் சீத்தா) இலைச்சாறு போதும் என்கிறார். பினாங்குத் தீவுக்கு அவரை அழைத்துச் செல்லும் நாளெல்லாம் எனக்குத் தொழிற்சாலையில் சம்பளம் போகிறது. என்ன செய்வது?
வாசகி, நிபோங் திபால்

பதில்: அன்புச் சகோதரி, குறித்த தேதி கடந்திருந்தாலும் வழி அடைபட்டுவிடவில்லை. நாளையே புற்றுநோய்ப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததை மறைக்காமல் கூறிப் புதிய தேதி கேளுங்கள். அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்டது கைக்குத் தட்டுப்பட்ட கட்டி. ஸ்கேனிலும் அகப்படாத நுண்ணிய புற்றணுக்கள் உடலில் எங்கேனும் தங்கியிருக்கக்கூடும் என்பதால்தான் அதன் பிறகும் கீமோ கொடுக்கிறார்கள். அவை ஒரே தவணையில் அழிவதில்லை. ஆகவேதான் உடல் தேற இடைவெளி விட்டு, மீண்டும் மீண்டும் மருந்து ஏற்றுகிறார்கள்.

தாயாரின் மறுப்பை வெறும் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். நான்காவது தவணைக்குப் பிறகு அவர் பட்ட பாட்டைப் பொறுமையாகக் கேளுங்கள். ஓயாத வாந்தியா, சோறு இறங்காத வாய்ப்புண்ணா, விரல் நுனிகள் மரத்துப்போய் ரவிக்கைக் கொக்கியைக்கூட மாட்ட முடியவில்லையா? நம் பெண்களில் பலர் மருத்துவர் கேட்கும்போது "ஓகே" என்று தலையசைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுகிறார்கள். வாய்திறந்து சொன்னால் வாந்தி மாத்திரையை மாற்றலாம். தேவைப்பட்டால் கீமோ மருந்தின் அளவைக் குறைப்பதையோ சில நாள் தள்ளிப்போடுவதையோ மருத்துவர் முடிவு செய்வார்.

டுரியான் பிளாண்டா இலை மனிதரின் புற்றுநோயைக் குணப்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை. மாறாக, கரீபியத் தீவான குவாதலூப்பில் அதன் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு காணப்பட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். கீமோவே நரம்பைப் பாதிக்கக்கூடியது என்பதால், அந்தச் சாற்றை இப்போதே நிறுத்தச் சொல்வேன். இதுவரை குடித்திருந்தால் அதையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

அடுத்தது பணம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய்த் திட்டத்தின் இலக்குகளில் ஒன்று, நோயாளிகளில் 80 விழுக்காட்டினராவது சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பதாகும். வளரும் நாடுகள் பலவற்றில் மருந்தின் விலையே குடும்பத்தை முறித்துவிடுகிறது. நம் அரசாங்க மருத்துவமனைகளில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் போக்குவரத்தும் உங்களைப் போன்றோர் இழக்கும் கூலியும் எந்த ரசீதிலும் வருவதில்லை. அந்த இழப்பையும் சிகிச்சைச் செலவாகவே கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதை ஓரளவு ஈடுகட்ட, குறைந்த வருமானம் பெறுவோருக்காக 2019 முதல் நடப்பில் உள்ள பெக்கா பி40 என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டம் உதவும். அரசாங்க ரொக்க உதவி பெறுவோரில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் தகுதி பெறுகிறார்கள். சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கு 1,000 ரிங்கிட் வரையிலும், தீபகற்ப மலேசியாவில் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையிலும் ஊக்கத்தொகை உண்டு. விண்ணப்பம் மருத்துவமனை வழியாகச் செல்ல வேண்டும் என்பதால், தாயாரின் அடையாள அட்டையுடன் அங்குள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவை அணுகுங்கள். தாயார் வேலை செய்த காலத்தில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியிருந்தால் அதையும் அங்கேயே கேளுங்கள்.

ஐந்தாவது தவணைக்குப் பிறகு காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் கீமோ எடுப்பவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.