மாதம் வரும் ஆயிரம் ரூபாய்: வட்டிக்கா, ஆட்டுக்கா, அடுப்புக்கா?

தேனி மாவட்டம் கூடலூருக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரும் கணவரும் கேரள எல்லையைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குத் தினமும் ஜீப்பில் கூலி வேலைக்குப் போகிறவர்கள். காய் எடுப்பு ஓய்ந்துவிட்டால் மாசியிலிருந்து வைகாசி வரை வேலை பாதியாகக் குறைந்துவிடும். கணவர் பெயரில் ஒரு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. வாசகிக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், மாமியாருக்கு முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய், கல்லூரியில் படிக்கும் மகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 1,000 ரூபாய் என மாதந்தோறும் வருகிறது. இவை போக, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பி.எம். கிசான் 2,000 ரூபாய் வருகிறது. காலமான மாமனாரின் வைத்தியத்துக்கு ஐந்து வட்டிக்கு வாங்கிய 10,000 ரூபாய்க் கடன் இன்னும் தீரவில்லை. "உரிமைத் தொகையை வட்டிக்காரரிடம் கொடுத்துவிடு என்கிறார் என் வீட்டுக்காரர். ஆடு வாங்கலாம் என்பது என் எண்ணம். இப்படிச் சும்மா காசு வந்தால் குடும்பம் சோம்பேறியாகிவிடும், குடிக்குத்தான் போகும் என்று ஊரில் பேசுகிறார்கள். எது சரி?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, முதலில் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றுங்கள்; அது தீர்ந்தபின் ஆடு வாங்குங்கள்; வேலை குறையும் மாதங்களில் மட்டும் உரிமைத் தொகை முழுவதும் அடுப்புக்கு என்று இன்றே முடிவு செய்துவிடுங்கள். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மாதம் 3,200 ரூபாய் வருகிறது என்று மொத்தமாகக் கூட்டிப் பார்ப்பது இயல்புதான், ஆனால் அந்தக் கூட்டலில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. மாமியாரின் 1,200 ரூபாய் அவருடைய மாத்திரைக்கும் அவர் விரும்பிச் சாப்பிடும் பொருளுக்கும் உரியது, மகளின் ஆயிரம் அவளுடைய படிப்புச் செலவுக்கு உரியது. குடும்பத்துக்கு முடை வரும்போது அவர்களாகவே எடுத்துக் கொடுப்பார்கள் என்றாலும், அந்தப் பணத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு புதுச் செலவுக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. உங்கள் விருப்பப்படி திட்டமிடக்கூடியது உங்கள் ஆயிரமும், கணவர் கணக்கில் வரும் கிசான் பணமும் மட்டுமே.

பத்தாயிரத்துக்கு ஐந்து வட்டி என்றால் மாதம் 500 ரூபாய், ஆண்டுக்கு 6,000 ரூபாய், அதாவது நூற்றுக்கு அறுபது. இருபது மாதம் வட்டியை மட்டும் கட்டி வந்தால் வாங்கிய பத்தாயிரத்தைக் கட்டி முடித்திருப்பீர்கள், அசல் மட்டும் அப்படியே நிற்கும். மாதம் ஆயிரம் கொடுத்து, அதில் வட்டி போக மிச்சத்தை அசலில் கழித்துக்கொள்ள வட்டிக்காரர் சம்மதித்தால், பதினைந்தாவது மாதத்தில் கடன் தீரும். அதற்குள் 14,200 ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்திருப்பீர்கள். ஆனால் ஐந்து வட்டிக்குக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் அசலைத் துண்டு துண்டாக வாங்குவதில்லை, ஏனென்றால் அசல் நிற்கும் வரைதான் அவர்களுக்கு வருமானம். ஆகவே உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. கடனை அடைக்க வேண்டும் என்பது சரி, ஆயிரத்தை நேரே வட்டிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது சரியல்ல.

நீங்கள் மகளிர் குழுவில் உறுப்பினராக இருந்தால், குழுச் சேமிப்பிலிருந்து ஒரு வட்டிக்கு உள்கடனாகப் பத்தாயிரம் கேளுங்கள். அதை வாங்கிய அன்றே பழைய கடனை ஒரே தடவையாக அடைத்துவிட்டு, பின்பு மாதம் ஆயிரம் வீதம் குழுவுக்குக் கட்டினால் பதினோராவது மாதம் கணக்கு முடியும், மொத்தம் 10,600 ரூபாய்க்குள்தான் ஆகும். இப்போது கூலியிலிருந்து போகும் மாதம் 500 ரூபாய் வட்டியும் நின்றுவிடும். வேலை குறையும் நான்கு மாதங்களில் வட்டியை மட்டும் கட்டுவேன், அசலை ஆனி முதல் தொடர்வேன் என்று கடன் வாங்கும்போதே கூட்டத்தில் சொல்லித் தீர்மான நோட்டில் எழுத வையுங்கள். பழைய கடனை அடைக்கும் நாளில், நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டைத் திரும்பக் கையில் வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் தொகை எழுதாத வெற்று நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்துக்கு அலையும் குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. நோட்டைத் தர மறுத்தாலோ மிரட்டினாலோ, 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்கீழ் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

இனி அடுப்பு. ஏழைக் குடும்பத்தின் துன்பம் வருமானம் குறைவு என்பதோடு முடிவதில்லை. வருமானம் வராத மாதங்களில்தான் நகை அடகுக்குப் போகிறது, ஐந்து வட்டிக் கடன் வீட்டுக்குள் வருகிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்து 2013-இல் வெளியான ஆய்வில், அதே விவசாயி கையில் பணமில்லாத காலத்தில் சிந்தனைத் திறன் சோதனைகளில் பின்தங்கியதும், அறுவடைப் பணம் வந்தபின் நன்றாகச் செய்ததும் தெரியவந்தது. முடை வந்த வீட்டில் அவசரத்தில் தவறான கடன் வாங்குவதை அறியாமை என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உரிமைத் தொகையின் அருமை அதன் அளவைவிட அது தவறாமல் வருவதில் இருக்கிறது. பங்குனியில் ஜீப் வராத வாரத்திலும் எண்ணெய், பருப்பு, முட்டை வாங்க அந்த ஆயிரம் இருந்தால் புதுக் கடன் தேவைப்படாது. மேற்குக் கென்யாவில் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்துப் பார்த்தபோதும் இதே போக்குத்தான் தெரிந்தது. மாதாமாதம் பெற்றவர்களின் வீட்டில் சாப்பாட்டுக் குறை தீர்ந்தது, ஒரே தொகையாகப் பெற்றவர்கள் தகரக் கூரை போன்ற நிலைத்த பொருள்களை வாங்கினார்கள். உங்களுக்கு மாதப்பணம் ஆயிரமும் தவணைப்பணம் இரண்டாயிரமும் இரண்டு விதமாக வருவது ஒரு வசதி. அந்த இயல்பை ஒட்டியே செலவையும் பிரித்துக்கொள்ளலாம்.

சோம்பேறித்தனத்தைப் பற்றி ஊரில் பேசுவதற்கு ஆதாரம் இல்லை என்று உறுதியாகவே சொல்வேன். மெக்சிகோ, ஹோண்டுராஸ், நிகரகுவா, மொராக்கோ, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய ஆறு நாடுகளின் உதவித்தொகைத் திட்டங்களை ஒன்றாக வைத்து ஆராய்ந்தபோது, பணம் பெற்றவர்கள் வேலையைக் குறைத்ததாகத் தெரியவில்லை. மத்தியப் பிரதேசத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு யுனிசெஃப் உதவியோடு 2011 முதல் சில கிராமங்களில் எல்லோருக்கும் மாதப்பணம் கொடுத்துப் பார்த்தது. முதலில் பெரியவர்களுக்கு 200 ரூபாயும் குழந்தைகளுக்கு 100 ரூபாயும், பின்பு 300, 150 என்றும் கொடுத்தார்கள். அங்கே மக்கள் சொந்த நிலத்தில் கூடுதலாக உழைத்தார்கள், ஆடுமாடு பெருகியது. குடி பற்றியும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உதவித்தொகையால் மதுவுக்கும் புகையிலைக்கும் செய்யும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே குடிப்பழக்கம் உள்ள வீட்டில் பெண்ணின் பணம் பறிபோவதும் நடக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அதற்கான காப்பு, கணக்கு உங்கள் தனிப்பெயரில் இருப்பதும், ஏ.டி.எம். அட்டையும் அதன் ரகசிய எண்ணும் உங்களிடமே இருப்பதும்தான். மத்தியப் பிரதேசத்திலேயே நடந்த வேறோர் ஆய்வில், நூறு நாள் வேலைக் கூலியைப் பெண்களின் சொந்தக் கணக்கில் போட்டு, கணக்கைக் கையாளவும் கற்றுக்கொடுத்தபோது, பெண்கள் வேலைக்குப் போவது அதிகரித்தது.

ஆடு நல்ல யோசனை. ஆனால் கடன் வாங்கி ஆடு வாங்க வேண்டாம், உரிமைத் தொகையையும் அதற்குத் தொட வேண்டாம். கிசான் தவணைகளைச் செலவழிக்காமல் சேர்த்து, கணவரும் ஒப்புக்கொண்டால், ஒரு பெட்டைக் குட்டி வாங்குங்கள். அதுவரை காத்திருக்க மனமில்லை என்றால் உறவினர் ஆட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, பிடித்து வளர்க்கலாம். ஈன்ற குட்டியில் பங்கு கிடைக்கும். நீங்கள் இருவரும் விடியலிலேயே ஜீப் ஏறிவிட்டால் பகலில் மேய்ப்பது யார் என்பதை மாமியாரிடம் கலந்துபேசிய பிறகு வாங்குங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கு அரசு கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடுகிறார்கள், அதைத் தவறவிட்டால் ஒரே வாரத்தில் முதல் முழுவதும் போய்விடும்.

உரிமைத் தொகை வருவது தெரிந்ததும் வாரத் தவணைக் கடன்காரர்கள் வாசலுக்கு வருவார்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, நுண்கடன் கொடுப்பவர்கள் ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டாதபடி பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் உங்கள் வருமானத்தைக் கூட்டி எழுதிக்கொண்டு கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். தோட்டக் கூலியைக் காய் எடுக்கும் மாதத்துக் கணக்கில் சொல்லாமல், ஆண்டு முழுவதன் கூலியையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துச் சொல்லுங்கள்.

பணம் வரும் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக இருந்தால், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி பிடித்தம் செய்யக்கூடும். 2023 செப்டம்பரில் உரிமைத் தொகை தொடங்கிய உடனேயே இந்தப் புகார் எழுந்தது. ஜன்தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை, ஆகவே கிளையில் எழுத்துமூலம் கேட்டு அப்படி மாற்றிக்கொள்ளுங்கள். கிசான் பணத்துக்கு ஆதார்வழி இ-கே.ஒய்.சி. செய்திருக்க வேண்டும். நிலம் கணவர் பெயரில் என்கிறீர்கள், ஆனால் பட்டாவில் அது இன்னும் காலமான மாமனார் பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றிதழோடு உத்தமபாளையம் வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா மாறுதலுக்கு, வேலை குறைந்திருக்கும் மாதத்திலேயே மனுக் கொடுத்துவிடுங்கள். காய் எடுப்பு தொடங்கிவிட்டால் அலுவலகத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி நட்டமாகும்.