‘எனக்கு ஒரு திறமையும் இல்லை’ என்று எழுதிய சகோதரிக்கு… வாசகர் கேள்வி பதில் (மே 2020)

கேள்வி: என் வீட்டுக்காரர் பட்டுத்தறி நெய்கிறார். கொரோனா ஊரடங்கு தொடங்கிய மார்ச் 25-லிருந்து நூல் வரவில்லை, தறி நின்றுவிட்டது. எங்கள் தெருவில் ஒருத்தி கேக் செய்யக் கற்றுக்கொண்டாள், இன்னொருத்தி யூடியூப் சேனலே தொடங்கிவிட்டாள். நான் பத்தாவதோடு நின்றவள். தறி நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றித் தருவேன், சேலையின் உடலுக்கு என்ன நிறம், கரைக்கு என்ன நிறம் என்று அவர் கேட்டால் சொல்வேன், அவ்வளவுதான். இப்போது வேறு வேலை இல்லாமல் மீந்த நூலை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று ஒரு திறமையும் கிடையாதா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தைய வரியை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். யாரும் சொல்லாமல், கூலி எதுவும் இல்லாமல், மனசு சரியில்லாத நேரத்தில் உங்கள் கை தானாக எதைத் தேடிப் போயிருக்கிறது? நூலை. அதிலும் நிறத்தை. திறமை என்றால் சான்றிதழ் வாங்கியது, நாலு பேர் கைதட்டியது என்று நினைத்துக்கொள்கிறோம். யாரும் கேட்காதபோதும் செய்கிறோமே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

மார்ட்டின் செலிக்மன், கிறிஸ்டோபர் பீட்டர்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2004-ல் மனிதர்களின் குணபலங்களை 24 ஆக வகைப்படுத்தினார்கள். அதில் படைப்பாற்றல் ஒன்றே ஒன்றுதான். விடாமுயற்சி, அன்பு, நேர்மை, நகைச்சுவை, அழகை உணர்வது எல்லாமே அந்தப் பட்டியலில் சமமாக இருக்கின்றன. அடுத்த வருடமே சக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு சோதனையும் செய்தார்கள். தன்னிடம் ஏற்கெனவே இருக்கிற ஒரு பலத்தை ஒரு வாரம், தினமும் ஏதாவது ஒரு புது விதத்தில் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார்கள். அப்படிச் செய்தவர்களின் மனநிலை ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் மேம்பட்டிருந்தது. புதுசாக எதையும் கற்கச் சொல்லவில்லை, இருப்பதைப் புது விதமாகச் செய்யச் சொன்னார்கள், அவ்வளவுதான். அதனால் கேக் உங்களுக்கு வேண்டாம், பிடித்தால் சாப்பிடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை விரல் அகலத்துக்கு வெட்டி, மீந்த நூலில் இரண்டு மூன்று நிறங்களைப் பக்கத்துப் பக்கத்தில் சுற்றிப் பாருங்கள். அதே அரக்கு நிறம் கிளிப்பச்சைக்குப் பக்கத்தில் ஒரு மாதிரியும் மாம்பழ மஞ்சளுக்குப் பக்கத்தில் வேறு மாதிரியும் தெரியும், இது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ட்யூப்லைட்டில் பார்க்காதீர்கள், காலையில் வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். பிடித்த சேர்க்கையை ஒரு நோட்டில் ஒட்டி, கரை எது உடல் எது முந்தி எது என்று எழுதி, தேதியும் போடுங்கள். பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருந்தால் சேலையில் வருகிற சின்னச் சின்னப் பூ உருவங்களான புட்டாவும் வரைந்து பாருங்கள். தறியில் டிசைனைக் கொண்டுவருகிற, ஓட்டை போட்ட ஜக்கார்டு அட்டையைக் குத்துவதற்கு முன் டிசைனைக் கட்டத்தாளில்தான் போடுகிறார்கள், அந்த வேலை வீட்டுக்காரருக்கு ஓரளவு பழக்கமிருக்கும், பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். தறி நின்று போன மனுஷனுக்கும் அது தேவைப்படும்.

இதனால் இன்றைக்கு அடுப்பு எரியாது என்பது எனக்குத் தெரியும். ரேஷன் அரிசியும் அரசு தந்த ஆயிரம் ரூபாயும் எத்தனை நாளைக்கு வரும்! ஆனால் நூல் வரும் அன்றைக்கு உங்கள் கையில் ஒரு நோட்டு நிறைய டிசைன் இருக்கும். அதை முதலாளியிடம் காட்டுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் டிசைனுக்குத் தனியாக என்ன தருவார் என்றும் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: கல்லூரி மூடியதால் ஊருக்கு வந்துவிட்டேன். கதை எழுத ஆசை. ஆனால் நாள் முழுவதும் போனிலேயே போகிறது. கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டில் இருந்த நியூட்டன் என்னவெல்லாம் கண்டுபிடித்தார் என்று மாமா தினமும் குத்திக்காட்டுகிறார்.
– மாணவர், நாகலூர், ஏற்காடு

பதில்: தம்பி, மாமாவிடம் மரியாதையாகவே சொல்லுங்கள். 1665-ல் கேம்பிரிட்ஜ் மூடியதும் நியூட்டன் போனது சொந்தப் பண்ணை வீட்டுக்கு, சாப்பாட்டுக் கவலை கிடையாது. கணக்கில் அவர் ஏற்கெனவே ஆழமாக இறங்கியிருந்தார், ஊருக்குப் போய் அதைத் தொடர்ந்தார். வீட்டில் அடைபட்டதால் மட்டும் யாருக்கும் அறிவு வந்துவிடவில்லை.

போன் விஷயத்தில் உபதேசம் செய்யப் போவதில்லை. காலையில் அதைத் தொடுவதற்கு முன் அரைப் பக்கம் எழுதிவிடுங்கள், அது போதும். கதையாக இருக்க வேண்டாம். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் இல்லாத, ஏரிக்கரையில் ஒரு சுற்றுலா வண்டிகூட இல்லாத மே மாதத்து ஏற்காட்டை உள்ளூர்க்காரர்கள் மட்டும்தான் பார்க்கிறீர்கள். சேலத்தில் இருக்கிற எங்களுக்கு அது தெரியாது. மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் வேலையாட்கள் இப்போது என்ன பேசிக்கொள்கிறார்கள், பூ உதிர்ந்த காப்பிச் செடியில் காய் எந்த அளவில் இருக்கிறது, சந்தை இல்லாமல் பாட்டி எதை வைத்துக் குழம்பு வைக்கிறார், அதை எழுதுங்கள். எழுதியதை உடனே யாருக்கும் அனுப்பாதீர்கள், லைக் எண்ண ஆரம்பித்தால் மறுபடி போன்தான்.

கேள்வி: கொலுசுப் பட்டறையில் இருபது வருடமாக வேலை. பட்டறை என்றால் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். ஏப்ரல் கடைசியில் சேலத்தில் மூன்று நாள் முழு ஊரடங்கு போட்டார்களே, அப்போது பைத்தியம் பிடிக்காத குறை. தனியாக உட்கார்ந்து ஏதாவது செய் என்கிறார்கள், என்னால் முடியவில்லை. இது பலவீனமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: இல்லை நண்பரே. இந்த ஊரடங்கு அறிவுரைகளில் எனக்குப் பெரிய வருத்தமே இதுதான்: எல்லாமே தனிமை பிடித்தவர்களுக்காகச் சொல்லப்படுகின்றன. படி, எழுது, வரை, தியானம் செய். மனிதர்களோடு இருப்பதே பலமாக உள்ளவர் என்ன செய்வார்? முதல் பதிலில் நான் சொன்ன அந்த 24 குணபலங்களில் மற்றவர் மனதைப் புரிந்துகொள்வதும் இருக்கிறது, கூட்டாக உழைப்பதும் இருக்கிறது. உங்களுக்கு அது இருக்கிறது, அதற்கு ஆள் வேண்டும்.

பட்டறையில் உங்களோடு இருந்தவர்களுக்குத் தினம் மாலை ஒரே நேரத்தில் போன் போடுங்கள். இரண்டு மூன்று பேரைச் சேர்த்துப் பேசும் வசதி சாதாரணப் போனிலேயே உண்டு, தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளைகள் காட்டித் தருவார்கள். வெறும் நலம் விசாரிப்பு நாலு நாளில் தீர்ந்துவிடும், அதனால் ஒரு வேலையை நடுவில் வையுங்கள். கம்பி இழுப்பதில் தொடங்கி பற்றவைப்பு, மெருகு வரை ஒவ்வொருவரும் தன் கை வேலையை, யாரிடம் கற்றார், எந்த இடத்தில் தவறும், அதை எப்படிச் சரி செய்வார் என்று வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவு செய்யட்டும். நீங்கள் கேள்வி கேட்டு வாயைக் கிளறுங்கள், சிரிக்கவும் வையுங்கள். அந்த வேலைக்குப் பட்டறையில் உங்களைவிடப் பொருத்தமான ஆள் இருக்கமாட்டார். இன்றைக்கே கூப்பிடுங்கள், அதிலும் வீட்டில் தனியாக இருக்கிறவரை முதலில்.